சக்கரங்களைச் சுத்தம் செய்ய முடியுமா?

செஞ்சிக் கோட்டையைப் பார்த்திருக்கிறீர்களா? ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள இராஜகிரி மலையின் அடிவாரத்தில் கல்யாண மகால் என்னும் மாடக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதன் மேல்தளங்களுக்குச் சுட்ட மண்குழாய்கள் வழியாகத் தண்ணீர் கொண்டு சென்றிருக்கிறார்கள். மோட்டாரும் மின்சாரமும் இல்லாத காலத்தில் இப்படி ஓர் ஏற்பாடு! அந்தக் குழாய்களைப் பராமரித்தவர்களுக்கு ஒரு வசதி இருந்தது. குழாயில் அடைப்பு இருக்கிறதோ என்று ஐயம் வந்தால், ஒரு முனையில் நீரை விட்டு மறுமுனையில் வருகிறதா என்று பார்த்துவிடலாம். அடைப்பை எடுத்த பிறகு மீண்டும் நீரை விட்டு, வேலை சரியாக நடந்ததா என்றும் பார்த்துவிடலாம்.

நம் உடலுக்குள்ளும் இத்தகைய குழாய்கள் உண்டு. அவற்றுக்கு நாடிகள் என்று பெயர். அவை கூடும் இடங்களில் ஏழு சக்கரங்கள் சுழல்கின்றன. சக்கரங்களில் அடைப்பு ஏற்பட்டால் தியானம் கைகூடாது, நோயும் வரும். ஆகவே தியானத்திற்கு உட்காரும் முன் சக்கரங்களைச் சுத்தம் செய்ய வேண்டும். கூடவே சில எளிய ஆயுர்வேதப் பழக்கங்களையும் மேற்கொள்ள வேண்டும். இப்படி ஒரு பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. செஞ்சிக்காரர்களுக்கு இது புதிதன்று. பௌர்ணமிதோறும் திருவண்ணாமலைக்குச் செல்லும் கூட்டத்தில் ஒரு பகுதி இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. அந்தக் கூட்டத்தோடு இந்தப் பேச்சும் பயணம் செய்கிறது.

இந்தப் பேச்சில் மூன்று தனித்தனிச் சரக்குகள் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டுள்ளன. ஒன்று தியானம், இரண்டாவது சக்கர சுத்தி, மூன்றாவது அன்றாடப் பழக்கங்கள். மூட்டையாக வாங்குகிறவர் எது நல்ல சரக்கு, எது சொத்தை என்று பார்ப்பதில்லை. நாம் மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கல்யாண மகால் குழாய்க்குச் செய்த அதே சோதனையை இங்கும் செய்வோம்: ஒரு முனையில் விட்டது மறுமுனையில் வருகிறதா?

ஏழு வண்ணம் எங்கிருந்து வந்தது?

சக்கரம் என்ற கருத்து பழமையானது. தமிழில் திருமந்திரம் ஆறு ஆதாரங்களைப் பேசுகிறது. மூலாதாரம், சுவாதிட்டானம், மணிபூரகம், அநாகதம், விசுத்தி, ஆஞ்ஞை என்ற பெயர்களை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆனால் எல்லா நூல்களும் ஒரே கணக்கைச் சொல்லவில்லை. பௌத்தர்களின் ஹேவஜ்ர தந்திரத்தில் நான்கு சக்கரங்களே உள்ளன. வேறு சில தந்திர நூல்களில் ஐந்து; இன்னும் சிலவற்றில் பன்னிரண்டு. இதயத்திற்கு நான்கு அறைகள் என்று ஒரு நூலும், ஏழு அறைகள் என்று வேறொரு நூலும் சொன்னால் உடற்கூற்று மாணவன் என்ன செய்வான்? அறுத்துப் பார்த்து எண்ணுவான். சக்கரங்களை அவ்வாறு எண்ண முடியாததால், ஒவ்வொரு மரபும் தன் தியான முறைக்குத் தேவையான எண்ணிக்கையை வைத்துக்கொண்டது. அந்த நூல்களை எழுதியவர்களுக்கு இதில் முரண்பாடு தோன்றவில்லை. மனத்தை எங்கெங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டும் வழிப்படமாகவே அவர்கள் சக்கரங்களைக் கையாண்டார்கள்.

வங்காளத்தைச் சேர்ந்த பூர்ணானந்தர் 1577-இல் எழுதிய 'ஷட் சக்ர நிரூபணம்' என்ற நூலைக் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஜான் உட்ராஃப் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1919-இல் வெளியிட்டார். ஆறு ஆதாரங்களும் தலை உச்சித் தாமரையும் என்ற கணக்கு மேலை நாடுகளுக்குச் சென்றது பெரும்பாலும் இந்த நூலின் வழியாகத்தான். 1927-இல் சென்னை அடையாற்றிலிருந்த பிரம்மஞான சபையின் தலைவர்களுள் ஒருவரான லெட்பீட்டர் 'சக்கரங்கள்' என்ற நூலை எழுதினார். அவர் சுவாதிட்டானத்தை விட்டுவிட்டு, மண்ணீரலின் மேல் ஒரு சக்கரத்தை வைத்தார்! தம் ஞானக்கண்ணால் கண்டதாகச் சொன்னார்.

வானவில்லின் ஏழு வண்ணங்களையும் கீழிருந்து மேலாக ஏழு சக்கரங்களுக்கு வரிசையாகத் தருகிறார்களே, அது இதனினும் புதியது. 1970-களில் மேலை நாடுகளில் பரவி, அங்கிருந்து இங்கே திரும்பி வந்த சரக்கு அது. பூர்ணானந்தரின் நூலில் மணிபூரகத்தின் நிறம் கருமேகம். இன்றைய படங்களிலோ மஞ்சள். 'ஐயாயிரம் ஆண்டுப் பழமை' என்று விளம்பரத்தில் படிக்கும்போது இதை நினைவில் கொள்ளுங்கள்.

அறுத்துப் பார்த்த துறவி

சக்கரம் உண்டா என்று சோதித்துப் பார்க்க யாருமே துணியவில்லையா? துணிந்தவர் ஒருவர் உண்டு. அவர் விஞ்ஞானி அல்லர். ஆரிய சமாஜத்தை நிறுவிய தயானந்த சரசுவதி. அவர் சொன்ன தன் வரலாறு 1879-80-இல் 'தியோசஃபிஸ்ட்' இதழில் வெளிவந்தது. இளம் துறவியாகக் கங்கைக் கரையில் அலைந்தபோது, நாடிகளையும் சக்கரங்களையும் விவரிக்கும் யோக நூல்கள் சில அவர் கையில் இருந்தன. ஆற்றில் ஒரு பிணம் மிதந்து வந்தது. அதைக் கரைக்கு இழுத்துக் கத்தியால் அறுத்து, நூல்கள் சொல்வதோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எதுவும் பொருந்தவில்லை. நூல்களைக் கிழித்துப் பிணத்தோடு சேர்த்து ஆற்றிலே விட்டுவிட்டார்.

ஒரு துறவிக்கு அன்றிருந்த இந்தத் துணிவு, படித்த நமக்கு இன்று இருக்க வேண்டாமா?

பின்னர் வந்த சிலர் சமரசம் செய்ய முயன்றார்கள். பம்பாய் மருத்துவர் வசந்த ரேலே 1927-இல் எழுதிய நூலில், குண்டலினி என்பது 'வேகஸ்' நரம்பே என்றார். சக்கரங்களை நரம்புப் பின்னல்களோடும் நாளமில்லாச் சுரப்பிகளோடும் சேர்த்துப் பட்டியல் போட்டவர்கள் பலர். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயர் எழுதுவதால் இரண்டும் ஒன்றாகிவிடா. விசுத்தி தொண்டையில் உள்ளது. தைராய்டும் தொண்டையில் உள்ளது. ஆகவே விசுத்தியைச் சுத்தம் செய்தால் தைராய்டு குணமாகும் என்பது எப்படிப்பட்ட வாதம்? கோட்டை வாசலில் தபால் பெட்டி இருக்கிறது; ஆகவே தபால் பெட்டியைத் துடைத்தால் கோட்டைச் சுவர் உறுதியாகும் என்பதைப் போன்றது.

'சக்கரங்கள் தூல உடலில் இல்லை, சூக்கும உடலில் உள்ளன. கத்திக்கு எப்படி அகப்படும்?' என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தியானம் செய்கிறவர் மனத்தை நிறுத்த ஓர் இடமாகவே சக்கரத்தைக் கொள்வாரானால் அறிவியலுக்கு அதில் வழக்கு இல்லை. ஆனால் அதே மூச்சில், 'சுத்தம் செய்தால் தைராய்டு சரியாகும், சர்க்கரை குறையும்' என்று சொன்னால், பேச்சு தூல உடலுக்கு வந்துவிட்டது. தைராய்டும் சர்க்கரையும் அளக்கக் கூடியவை. அளக்கக் கூடியதைப் பற்றி உறுதிமொழி தந்துவிட்டு, அளக்க வரும்போது சூக்கும உடலுக்குள் ஒளிந்துகொள்வது முறையன்று.

ஒரு சிறுமியின் சோதனை

பிறர் உடலிலிருந்து சில அங்குல தூரத்தில் கையை அசைத்து, சக்தி ஓட்டத்தின் தடைகளை உணர்ந்து நீக்குவதாகச் சொல்லும் முறை ஒன்று 1972 முதல் அமெரிக்காவில் செவிலியர்களிடையே பரவியது. அதை உருவாக்கிய இருவருள் ஒருவரான டோரா குன்ஸ், சிறு வயதில் லெட்பீட்டரிடம் பயின்றவர். அடையாற்றுச் சரக்கு எவ்வளவு தூரம் போயிருக்கிறது, பாருங்கள்!

எமிலி ரோசா என்னும் சிறுமி, தன் ஒன்பதாம் வயதில் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக இதைச் சோதித்தாள். நடுவில் ஓர் அட்டைத் தடுப்பு. அதிலுள்ள இரு துளைகள் வழியாக வைத்தியர் தம் இரு கைகளையும் நீட்டுவார். சிறுமி நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, அவருடைய ஏதேனும் ஒரு கைக்கு மேல் தன் கையைப் பிடிப்பாள். எந்தக் கைக்கு மேல் என்று அவர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். 21 பேர் கலந்துகொண்டனர். மொத்தம் 280 முறை. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே பாதி சரியாக வர வேண்டும். அவர்கள் சரியாகச் சொன்னது 123 முறை. அதாவது 44 விழுக்காடு. 1998-இல் இந்த முடிவு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது. கை இருப்பதையே உணர முடியாதவர், அடைப்பு இருப்பதை எப்படி உணர்வார்?

'ஆனால் எனக்கு உள்ளே ஏதோ சூடு பரவியதே, சிலிர்த்ததே!' என்று கேட்கிறீர்களா? அது பொய்யன்று. இப்போதே ஒன்று செய்து பாருங்கள். கண்ணை மூடி, இடது உள்ளங்கையை மட்டும் இரண்டு நிமிடம் கவனியுங்கள். மெல்லிய துடிப்போ, வெதுவெதுப்போ, ஊறலோ தோன்றக்கூடும். எந்தப் பழைய நூலும் அங்கே முக்கியச் சக்கரம் வைக்கவில்லை. நாம் கவனிக்கும் உறுப்பிலிருந்து வரும் செய்திகளை மூளை கூடுதலாகப் பொருட்படுத்துகிறது. ஆகவே உணர்ச்சி உண்மை. ஆனால் சக்கரம் சுழல்வதற்கு அது சான்றாகாது.

தியானம் தனியே என்ன செய்கிறது?

இங்கே நல்ல செய்தி உண்டு. தியானத்தை ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டு வந்ததில் நம் நாட்டவருக்குப் பங்கு உண்டு. சுவாமி குவலயானந்தா 1924-இல் லோனாவலாவில் கைவல்யதாமத்தை நிறுவி, யோகப் பயிற்சிகளைக் கருவிகள் கொண்டு அளக்கத் தொடங்கினார். 1961-இல் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் ஆகியோர் யோகிகளின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். தியானத்தில் ஆழ்ந்த சில யோகிகளிடம் பெரும் சத்தமும் கடும் ஒளியும்கூட ஆல்பா அலையைக் கலைக்கவில்லை. அதே ஆண்டு வெங்கர், பாக்சி, ஆனந்த் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு மற்றொன்றையும் காட்டியது. இதயத்தை நிறுத்துவதாகச் சொன்ன யோகிகளின் நாடி, கைக்குத் தென்படாமல் போனது உண்மை. ஆனால் இதய மின்வரைவு, இதயம் தொடர்ந்து துடிப்பதைக் காட்டியது. மூச்சைப் பிடித்து மார்பை இறுக்கியதால் இரத்த ஓட்டம் குறைந்து, நாடி மறைந்திருந்தது. ஒரே ஆண்டில் ஒரு சிறப்பு உறுதியானது, ஒரு பெருமை உடைந்தது. அறிவியல் இரண்டையும் ஒரே முகத்தோடு எழுதி வைத்தது.

மந்திரங்களைப் பற்றி இத்தாலியில் ஓர் ஆய்வு நடந்தது, 2001-இல் வெளியானது. 23 பேர் ஒருமுறை திபெத்திய மந்திரத்தையும், மற்றொரு முறை இலத்தீன் செபமாலையையும் சொன்னார்கள். இரண்டிலும் மூச்சு, நிமிடத்திற்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் இரத்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கமும் அதனோடு இசைந்தன. இரண்டு மதங்கள், இரண்டு மொழிகள், விளைவு ஒன்று. பலன் தந்தது மெதுவான மூச்சு. அப்படியிருக்க, 'இந்தச் சக்கரத்திற்கு இந்த எழுத்துதான்' என்பதற்குத் தனிப் பலன் இருந்தால், அதைக் காட்டும் பொறுப்பு சொல்கிறவருடையது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இராஜகிரி ஏறுகிறவர்கள் (இதய நோயும் மூச்சிரைப்பும் இல்லாதவர்கள்) அடிவாரத்தில் நாடியை ஒரு நிமிடம் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே சென்றதும் எண்ணுங்கள். பிறகு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து எண்ணுங்கள். அடுத்த முறை ஏறும்போது அதே ஐந்து நிமிடத்தை நிமிடத்திற்கு ஆறு மூச்சு என்ற கணக்கில் கழித்துவிட்டு எண்ணுங்கள். நான்கு நண்பர்கள் சேர்ந்து பல முறை செய்து, சராசரி பாருங்கள். மலையுச்சியில் வரும் அமைதியில் எவ்வளவு காற்றினால், எவ்வளவு ஓய்வினால், எவ்வளவு மூச்சினால் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும். பிரித்துப் பார்ப்பதுதான் அறிவியல்.

தியானத்தின் பயனையும் மிகைப்படுத்த வேண்டாம். 2014-இல் 47 ஆய்வுகளையும் அவற்றில் கலந்துகொண்ட 3,515 பேரையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் மிதமான பயன் தெரிந்தது. ஆனால் உடற்பயிற்சி, மருந்து போன்ற பிற முறைகளைவிடத் தியானம் மேல் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. சிலருக்கு நீண்ட நேரத் தியானத்தில் அச்சமும் தூக்கமின்மையும் கூடுவதும் உண்டு. 'உன் சக்கரம் சுத்தமாகிறது, பொறுத்துக்கொள்' என்று அவர்களிடம் சொல்வது பெருந்தவறு. அவர்கள் தியானத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பழக்கங்களில் நெல்லும் பதரும்

மூன்றாம் சரக்குக்கு வருவோம். வாக்படரின் 'அஷ்டாங்க ஹிருதயம்' அன்றாட ஒழுக்கத்திற்கென ஓர் அத்தியாயம் ஒதுக்கியுள்ளது. விடியுமுன் எழுதல், பல் துலக்குதல், எண்ணெய் தேய்த்தல், பாதி வலிமைக்கு மட்டும் உடற்பயிற்சி என்று அது போகிறது. பாதி வலிமை என்பது நல்ல யோசனை. பேச முடிகிற அளவு மூச்சு வாங்கும்படி நடங்கள் என்று இன்றைய மருத்துவர்கள் சொல்வதும் ஏறக்குறைய அதுவே. நாக்கு வழித்தால் வாய் நாற்றம் சிறிது நேரம் குறையும். எண்ணெய் தேய்த்தால் தோல் வறட்சி குறையும்.

ஆனால் எண்ணெய் 'நச்சுகளை இழுக்கிறது', காலை வெந்நீர் 'நச்சுகளைக் கரைக்கிறது' என்று காரணம் சொல்லும்போது எந்த நச்சு, எவ்வளவு என்று கேளுங்கள். உங்கள் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டி, தேவையானதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றிரண்டு லிட்டரை வெளியேற்றுகின்றன. வெந்நீர் குடியுங்கள், இதமாக இருக்கும். வடிகட்டும் வேலையைச் சிறுநீரகத்திடமே விட்டுவிடுங்கள்.

பொழுது சாயுமுன் உண்பது இன்னொரு பழக்கம். இதற்குச் செஞ்சி வட்டாரத்திலேயே வாழும் மரபு உண்டு. இங்கே சமணம் தொன்மையானது. அதன் மடம் மேல்சித்தாமூரில் உள்ளது. செஞ்சிக்கு அருகே திருநாதர் குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த செய்தியை அங்குள்ள பழங்கல்வெட்டு கூறுகிறது. அவர் நோன்பிருந்தது உடலைச் சுத்தம் செய்ய அல்ல, உடலைத் துறக்க. சமணர்கள் இருட்டிய பின் உண்ணாததும் செரிமானத்திற்காக அல்ல. விளக்கில் விழும் சிற்றுயிர்களும் சாகக் கூடாது என்பதற்காக. அவர்களின் அறத்தைக் கழற்றி எறிந்துவிட்டு அதை 'டிடாக்ஸ்' என்று விற்பது, மரபுக்கும் நீதியன்று, அறிவியலுக்கும் நீதியன்று.

அப்படியானால் முன்னேரத்தில் உண்பதால் உடலுக்கு நன்மை உண்டா? அதைத் தனியே சோதித்தார்கள். 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், உடல்நலமுள்ள 20 பேருக்கு ஒரே உணவை ஒரு நாள் மாலை 6 மணிக்கும் வேறொரு நாள் இரவு 10 மணிக்கும் கொடுத்தார்கள். இரவில் உண்டபோது இரத்தச் சர்க்கரையின் உச்சம் ஏறத்தாழ 18 விழுக்காடு அதிகமாக இருந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் முறையானது. பழக்கம் பழையது என்பதனால் அன்று, சோதனையில் தேறியதால் அதை ஏற்கிறோம்.

தேறாதவையும், எச்சரிக்கை வேண்டியவையும் உண்டு. மூக்கில் நீர் விட்டுக் கழுவும் நேத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு நீரால் மூக்கடைப்புக் குறைவது உண்மை. ஆனால் 2011-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர், மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்தனர். குடித்தால் தீங்கு செய்யாத அந்த உயிரி, மூக்கு வழியாகச் சென்றால் கொல்லும். கேரளத்தில் 2024-லும் 2025-லும் இத்தகைய அமீபா நோய் பலரைத் தாக்கியதை அறிவீர்கள். நேத்தி செய்வதானால் கொதிக்க வைத்து ஆறிய நீர் மட்டுமே. கிணற்று நீரும் குளத்து நீரும் வேண்டவே வேண்டாம்.

பொடிகளிலும் மாத்திரைகளிலும் இன்னும் கவனம் தேவை. 2004-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்தபோது, 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. அமுக்கராக் கிழங்கினால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய மருத்துவ அறிக்கைகளும் வந்துள்ளன. மூலிகை என்றால் பக்கவிளைவு இல்லை என்பது, எட்டியும் அரளியும் விளையும் நாட்டில் சொல்லக் கூடிய பேச்சா?

அடைப்பு எங்கே?

இதெல்லாம் தீங்கற்ற நம்பிக்கை, விட்டுவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். விடக் கூடாததற்குக் காரணம் இதுதான். 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்த சோகை. அவர்களுக்கு என்ன தோன்றும்? ஓயாத அலுப்பு, படபடப்பு, மனம் ஒன்றாமை. தைராய்டு குறைந்தவருக்கும் அலுப்பும் மந்தமும் சோர்வும்தான். சக்கரம் அடைபட்டதன் அறிகுறிகள் என்று பட்டியல் போடுகிறார்களே, அதை எடுத்து வைத்துப் பாருங்கள்: அலுப்பு, படபடப்பு, மந்தம், மனம் ஒன்றாமை. அதே பட்டியல்!

களை எடுத்து, நாற்று நட்டு, வீட்டு வேலையும் பார்த்துக் களைத்துப் போன ஒரு பெண்ணிடம், 'உன் மூலாதாரம் அடைபட்டிருக்கிறது' என்றால் அவள் நம்பக்கூடும். தியானத்தில் மனம் நிற்கவில்லையென்றால் தன் குறை என்றே எண்ணுவாள். மாதங்கள் ஓடும்; இரத்தம் குறைந்துகொண்டே போகும். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்தால் ஹீமோகுளோபின் அளவு சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் அதற்குக் காசு இல்லை. குறைந்திருந்தால் இரும்புச்சத்து மாத்திரையும் அங்கேயே கிடைக்கும். சில வாரங்கள் கழித்து மீண்டும் அளந்தால், ஏறியிருக்கிறதா என்பதும் தெரியும். ஒரு முனையில் விட்டது மறுமுனையில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை இதுவே.

ஆகவே வாசகர்களே, தியானம் பிடித்திருந்தால் உட்காருங்கள். நாள்தோறும் பத்து நிமிடம், மெதுவான மூச்சு. அதற்குக் கட்டணம் கிடையாது. மனத்தை நிறுத்த ஓர் இடம் வேண்டுமென்றால் இதயத்தையோ புருவ மத்தியையோ வைத்துக்கொள்ளுங்கள். முன்னோர் அதைத்தான் செய்தார்கள். நேரத்தில் உண்ணுங்கள், நடங்கள், நாக்கை வழியுங்கள், நேரத்தில் படுங்கள். சக்கரத்தைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று யாரேனும் வந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: 'சுத்தமானதை எதைக் கொண்டு அளப்பீர்கள்?' பதில் இல்லையென்றால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரமாக அலுப்பு விடவில்லை என்றால், அந்தப் பணத்தில் பஸ் ஏறி அரசு மருத்துவமனைக்குப் போய் வாருங்கள்.